பெரியப்பா பதில்கள்: ஏஐ உடைத்த டிக்கெட்டுகள்

கே: பெரியப்பா, முழு புராஜெக்ட்டையும் ஏஐயிடம் சொன்னால் டாஸ்க் டாஸ்க்காகப் பிரித்துக் கொடுத்துவிடுமாமே, நிஜமா? – இறுதியாண்டு மாணவி, திருநெல்வேலி

ப: நிஜம்தான் மகளே. நீ காபி குடித்து முடிப்பதற்குள் நாற்பது டாஸ்க் தரும். அதில் எந்தப் பத்தை இப்போது செய்வது, எந்த முப்பதை இந்த வருஷம் தொடவே கூடாது என்று சொல்லத்தான் நீ வேண்டும்.

கே: வேலையைத் துண்டு போடுவது ஏஐ காலத்துக் கண்டுபிடிப்பா? – வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்

ப: உங்கள் பாடத்துக்கே வந்துவிட்டீர்கள். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற முறையை உருவாக்கியது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் டூபான்ட் கம்பெனி 'கிரிட்டிக்கல் பாத்' முறையோடு வந்தது. 1968-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பெரிய வேலையைக் கிளை கிளையாகப் பிரித்து எழுத ஒரு தரவிதியே போட்டுவிட்டது. கலை பழசு. கத்தி பிடிக்கும் கைதான் புதுசு.

கே: அப்படியானால் ஏஐயால் எனக்கு என்ன மிச்சம்? – புராஜெக்ட் மேனேஜர், தரமணி

ப: வெறும் திரையை முறைத்துக்கொண்டு உட்காரும் முதல் அரை நாள் மிச்சம். அலுப்பில் நாம் விட்டுவிடும் சில்லறைச் சமாச்சாரங்களையும் அது ஞாபகப்படுத்தும். பாஸ்வேர்டைத் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது, நெட் பாதியில் போனால் என்ன ஆகும், பழைய டேட்டாவை எப்படி மாற்றுவது, ரிலீஸ் சொதப்பினால் எப்படிப் பின்வாங்குவது? நமக்கு இவையெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், டெப்ளாய் பட்டனை அழுத்திய பிறகுதான் ஞாபகம் வரும்.

கே: 'மளிகைக் கடைக்கு ஆப் செய்ய டாஸ்க் பிரித்துக் கொடு' என்றேன். எந்தக் கடைக்கும் பொருந்துகிற மாதிரி பொத்தாம்பொதுவாக ஒரு பட்டியல் வந்தது. ஏமாற்றம். – ஃப்ரீலான்ஸர், மதுரை

ப: கேள்வியிலேயே கடை இல்லையே! அடுத்த முறை இப்படிக் கேளுங்கள்: 'பிரிப்பதற்கு முன்னால், என்னிடமிருந்து உனக்கு என்னென்ன தெரிய வேண்டும்? அதை முதலில் கேள்.' அப்புறம் பாருங்கள், எப்படித் துளைக்கிறதென்று. கடை ஒன்றா, கிளைகள் உண்டா? வீட்டுக்கு டெலிவரி உண்டா? எடை போட்டு விற்கும் பருப்புக்கும் பாக்கெட் பிஸ்கெட்டுக்கும் ஒரே திரையா? பில் போடுகிறவர் முதலாளியா, கடைப் பையனா?

அது கேட்க மறந்தால் நீங்களே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: மாதக் கணக்கு. அந்தத் தெருவில் பாதி வீடு ஒண்ணாம் தேதிதான் காசு தரும். அதற்கு ஒரு டாஸ்க் போடாமல் ஆப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அண்ணாச்சி அன்றைக்கே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை.

கே: நல்ல டாஸ்க், மோசமான டாஸ்க். கண்ணில் காட்டுங்கள் ஐயா. – ஜூனியர் டெவலப்பர், கோவை

ப: 'பேமென்ட் இன்டக்ரேஷன்.' இது டாஸ்க் இல்லை தம்பி, பிரார்த்தனை.

இப்போது இதைப் படி: 'வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் கட்டி, வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால், ஆர்டர் நிலுவையில் இருப்பதாகத் திரையில் தெரிய வேண்டும். பதில் வந்ததும் வெற்றி அல்லது தோல்வி என்று தானாக மாற வேண்டும். அவர் பொறுமையிழந்து பட்டனை மறுபடி அழுத்தினாலும் இரண்டாவது ஆர்டர் உருவாகக் கூடாது.'

டெஸ்டர் இதை எடுத்துக்கொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சோதித்துவிடலாம். அதுதான் அளவுகோல். பில் வேக் என்பவர் 2003-ல் நல்ல யூசர் ஸ்டோரிக்கு ஆறு லட்சணம் சொல்லி, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'இன்வெஸ்ட்' என்று பெயர் வைத்தார்: தனித்து நிற்கணும், பேசி மாற்ற இடம் இருக்கணும், யாருக்காவது பயன்படணும், நேரம் கணிக்க முடியணும், சின்னதாக இருக்கணும், சோதிக்க முடியணும். ஏஐக்கு இந்த ஆறும் மனப்பாடம். 'நீ எழுதியதை நீயே இன்வெஸ்டில் சரிபார்' என்று ஒரு வரி சேர்த்துப் பார், பாதி டிக்கெட்டைத் தானே திருத்தி எழுதும்.

கே: நிபந்தனைகளைக் குழப்பமில்லாமல் எழுத ஃபார்முலா ஏதாவது உண்டா? – பிசினஸ் அனலிஸ்ட், பெங்களூர்

ப: உண்டு, விமான எஞ்சின் செய்கிறவர்களிடமிருந்து வந்தது. ரோல்ஸ்-ராய்ஸில் அலிஸ்டர் மாவினும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட 'இயர்ஸ்' முறை. சாரம் இவ்வளவுதான்: 'இன்னது நடக்கும்போது, இந்த சிஸ்டம் இன்னதைச் செய்ய வேண்டும்.' அமேசான் 2025-ல் கொண்டுவந்த கிரோ என்ற ஏஐ கருவி, தேவைகளை இந்த வாக்கிய அமைப்பில்தான் எழுதித் தருகிறது. பிறகு டிசைன், அதற்கப்புறம்தான் டாஸ்க் பட்டியல். எஞ்சினுக்குப் போதுமான ஒழுங்கு உங்கள் லாகின் பக்கத்துக்குத் தாராளம்.

கே: ஏஐ நூற்றுப் பன்னிரண்டு டாஸ்க் கொடுத்திருக்கிறது. அப்படியே ஜிராவில் ஏற்றிவிடவா? – டீம் லீட், சிறுசேரி

ப: ஏற்றினால் டிக்கெட் இருக்கும், டீம் இருக்காது. அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு வேண்டியதை மட்டும் விலாவாரியாக எழுதுங்கள். மீதியெல்லாம் ஒற்றை வரித் தலைப்பாகப் பேக்லாகில் கிடக்கட்டும்.

கே: ஒரு டாஸ்க் எவ்வளவு பெரிசாக இருக்கலாம்? – ஃப்ரன்ட்எண்ட் டெவலப்பர், சோழிங்கநல்லூர்

ப: ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே டிக்கெட்டைப் பற்றி மூன்று ஸ்டாண்டப்பில் தொடர்ந்து 'போய்க்கிட்டு இருக்கு' என்று சொன்னால், உள்ளே நாலு டாஸ்க் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் ஏஐயைக் கூப்பிட வேண்டும். டிக்கெட்டை ஒட்டி, இதுவரை என்ன செய்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று நாலு வரி எழுதி, 'மறுபடி உடை' என்று சொல்லுங்கள். ஆரம்பத்தில் உடைப்பதைவிட நடுவில் உடைக்கும்போதுதான் அது நன்றாக உடைக்கிறது. காரணம் எளிது: வேலையின் உள்விவரம் உங்களுக்கே அப்போதுதான் தெரிகிறது.

கே: 'இது மூன்று நாள் வேலை' என்று அடித்துச் சொல்கிறதே ஏஐ? – டெலிவரி மேனேஜர், ஹைதராபாத்

ப: செய்யப்போகிறவனே சரியாகச் சொன்னதில்லை, செய்யாதது எப்படிச் சொல்லும்? 1994-ல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். 'எல்லாமே கெட்டுப்போனால்?' என்றதற்கு 48.6. நிஜத்தில் ஆனது 55.5.

மோசமான கணக்கையும் தாண்டிய நிஜம். இதில் ஏஐக்கு உங்கள் பழைய கோடும் தெரியாது, நடுவில் வரும் தீபாவளியும் தெரியாது. போன ஆறு மாத டிக்கெட்டுகளில் போட்ட எஸ்டிமேட் எவ்வளவு, ஆன நாள் எவ்வளவு என்ற கணக்கைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அப்போது அது சொல்லும் எண்ணைக் கிளையன்டிடம் சொல்லலாம்.

கே: ஏஐ வந்தாச்சு, இனி எல்லாம் பாதி நேரம்தான் என்கிறார் எங்கள் சிஇஓ. – சீனியர் டெவலப்பர், பெயர் வேண்டாம்

ப: பெயர் போடவில்லை. சிஇஓவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 'மீட்டர்' என்ற ஆய்வு அமைப்பு 2025-ல் அனுபவசாலிகளான 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களுக்கு, அவர்கள் நன்கு பழகிய ரெப்போக்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்துக் கடிகாரம் வைத்தது. ஏஐ இருந்தால் 24 சதவீத நேரம் குறையும் என்று தொடங்குமுன் நினைத்தார்கள். 20 சதவீதம் குறைந்தது என்று முடித்த பின் நம்பினார்கள். நிஜத்தில் 19 சதவீதம் கூடியிருந்தது.

அது அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளின் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், டிக்கெட் திறந்த தேதியும் மூடிய தேதியும் ஒழுங்காக இருக்கட்டும். வேகமாகிவிட்டோமா இல்லையா என்பதை மனசு சொல்லாது, அந்த இரண்டு தேதிதான் சொல்லும்.

கே: புராஜெக்ட் லேட். பத்து ஏஐ ஏஜென்ட்டை இறக்கிவிடலாமா? – ஆர்க்கிடெக்ட், சிங்கப்பூர்

ப: லேட்டான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் லேட்டாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 செய்த அனுபவம். பத்துப் பேர் என்றால் அவர்களுக்குள் 45 ஜோடி பேச வேண்டும். ஏஜென்ட் பத்துக்கும் சம்பளம் கிடையாது, சரி. பத்தும் போடுகிற பிஆரை உட்கார்ந்து படிக்கப் போகிறவர் யார்?

ஒன்று தொடும் ஃபைலை இன்னொன்று தொடாத மாதிரி டாஸ்க் பிரிக்க முடிந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் மெர்ஜ் கான்ஃபிளிக்ட்டில் ஊர்த் திருவிழா நடக்கும்.

கே: ஏஐ போடும் பட்டியலில் வழக்கமாக விட்டுப்போவது எது? – ஸ்டார்ட்அப் நடத்துபவர், சென்னை

ப: அருமையான கேள்வி. கோடே எழுதாத வேலைகள்தான் விட்டுப்போகும். அதாவது, அடுத்தவர் தலையசைக்கும் வரை காத்திருக்கும் வேலைகள்.

ஓடிபி அனுப்ப வேண்டுமா? 'எஸ்எம்எஸ் ஏபிஐயை இணை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, அனுப்புநர் தலைப்பையும் செய்தியின் வாசகத்தையும் டெலிகாம் கம்பெனிகளின் டிஎல்டி தளத்தில் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத செய்தி போய்ச் சேராது. உங்கள் டெவலப்பர் அரை நாளில் இணைத்துவிட்டு, பதிவு முடிகிற வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செய்தி தமிழில் என்றால் இன்னொரு டாஸ்க். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் 'கொ' என்ற ஒரே எழுத்தை ககரம் ஒன்று, குறி ஒன்று என இரண்டாக எண்ணும். 'க்' என்பதில் புள்ளிக்கும் தனிக் கணக்கு. 'வணக்கம்' போட்டு நீட்டி முழக்கினால் ஒரு செய்தி இரண்டாகும், பில்லும் இரண்டாகும்.

கூகுள் பிளேயில் ஏற்ற வேண்டுமா? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்கு தொடங்கியிருந்தால், வெளியிட அனுமதி கேட்பதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ரிலீஸ் என்று போஸ்டர் அடித்துவிட்டு போகி அன்றைக்கு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

ஆகவே பட்டியல் வந்ததும் தனியாக ஒரு கேள்வி போடுங்கள்: 'இதில் வெளியார் அனுமதிக்கோ பதிலுக்கோ காத்திருக்க வேண்டியவை எவை?' அது சொல்வதை அந்தந்த அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்த்து, முதல் நாளே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கோடு மெதுவாக வரட்டும்.

கே: டெப்ளாய்க்கெல்லாம் தனி டாஸ்க் எதற்கு? பட்டனை அழுத்தினால் முடிந்தது. – டெவ்ஆப்ஸ் இன்ஜினீயர், ஓசூர்

ப: 2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையில் வியாபாரம் செய்த நைட் கேபிட்டல். எட்டு சர்வரில் ஏழுக்குப் புது கோடு போனது, எட்டாவதற்குப் போகவில்லை. 45 நிமிடத்தில் சுமார் 44 கோடி டாலர் காலி. ஏற்றியதை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறையே அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிறகு பதிவு செய்தது.

'எட்டு சர்வரிலும் ஒரே வெர்ஷனா என்று வேறொருவர் பார்க்கவும்.' இந்த ஒரு வரி டிக்கெட்டின் மதிப்பு இப்போது தெரிகிறதா?

கே: டாஸ்க்கில் கிலோவா கிராமா, ரூபாயா பைசாவா என்றெல்லாம் எழுத வேண்டுமா? ரொம்பச் சின்னப்பிள்ளைத்தனமாக இல்லையா? – பேக்எண்ட் டெவலப்பர், புதுச்சேரி

ப: 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயருகே தொலைந்தது. ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டுக் கணக்கில் விசை அளவைக் கொடுத்தது, வாங்கிய பக்கம் நியூட்டன் என்று நினைத்தது. எழுதுங்கள் ஐயா, எழுதுங்கள்.

கே: எங்கள் ரெப்போவில் இல்லவே இல்லாத ஃபைலைத் திருத்தச் சொல்லி டாஸ்க் எழுதியிருக்கிறது! – டெவலப்பர், திருச்சி

ப: வீட்டைக் காட்டாமல் வர்ணம் அடிக்கச் சொன்னீர்கள். ரெப்போவுக்குள்ளேயே உட்காரும் கருவியாக எடுங்கள். கிளாட் கோடு, கோப்பைலட் எதுவானாலும் சரி. 'முதலில் படி, எதையும் மாற்றாதே, திட்டத்தை மட்டும் சொல்' என்று கட்டளையிடுங்கள். ஒவ்வொரு டாஸ்க்கிலும் தொடப்போகும் ஃபைலின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தேடிப் பார்த்து அந்தப் பெயர் கிடைக்கவில்லையா, டிக்கெட்டை அங்கேயே கிழியுங்கள்.

கே: எல்லா டாஸ்க்கையும் அழகாக முடித்தோம். சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. – டெஸ்ட் லீட், நொய்டா

ப: உங்களுக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. அமெரிக்க அரசின் ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1-ல் திறந்தது. பல ஒப்பந்தக்காரர்கள் ஆளுக்கொரு பகுதி செய்திருந்தார்கள். முழுசாக ஒட்டிச் சோதிக்கப் போதிய நேரம் இல்லை. முதல் நாள் முழுக்கப் போராடிப் பதிவை முடித்தவர்கள் ஆறே ஆறு பேர்.

ஏஐயிடம் சும்மா 'பிரி' என்றால் டேட்டாபேஸ் தனியாக, பேக்எண்ட் தனியாக, திரை தனியாக என்று அடுக்கு அடுக்காக அறுக்கும். அந்த அடுக்குகள் கடைசி வாரத்தில்தான் சந்திக்கும், சந்தித்ததும் சண்டை போடும். பந்தியில் முதல் இலைக்கே சோறு, சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழுகிற மாதிரி அறுக்கச் சொல்லுங்கள். அதாவது: 'ஒவ்வொரு டாஸ்க் முடிந்ததும், பயன்படுத்துகிறவர் தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று வேலை செய்ய வேண்டும்.' இந்த ஒரு நிபந்தனையில் பட்டியலின் முகமே மாறிவிடும்.

கே: முதலிலேயே எல்லாவற்றையும் உடைத்து எழுதினால் அது அஜைல் இல்லையே? – ஸ்க்ரம் மாஸ்டர், புனே

ப: 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் திட்டமே போடாதே என்று சொல்லவில்லை. மாற்றம் வரும்போது திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழாதே என்றார்கள். பிரித்து வையுங்கள், ஸ்பிரின்ட்டுக்கு ஸ்பிரின்ட் மறுபடி பிரியுங்கள்.

கே: டிக்கெட்டை ஏஐ பெயருக்கே ஒதுக்கிவிட முடியுமா? – சிடிஓ, கொச்சி

ப: முடியும். கிட்ஹப்பில் 2025 மே மாதத்திலிருந்து ஓர் இஷ்யூவை கோப்பைலட் பெயரில் போடலாம், அது கோடு எழுதிப் பிஆரோடு வரும். பொறுப்பு மட்டும் அதன் பெயருக்கு மாறாது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பான கட்டண விதியைச் சொன்ன வழக்கில், 2024-ல் கனடாவின் ஒரு தீர்ப்பாயம் விமானக் கம்பெனியைத்தான் பணம் கட்டச் சொன்னது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு மனிதப் பெயர் இருக்கட்டும்.

கே: கிளையன்டின் ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டை அப்படியே ஒட்டிப் பிரிக்கச் சொல்லலாமா? – அசோசியேட், சென்னை

ப: ஒப்பந்தத்தையும் கம்பெனி விதியையும் படித்த பிறகு, கம்பெனி அனுமதித்த கருவியில் மட்டும். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் உள்வீட்டுக் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதமே அப்படிப்பட்ட ஏஐ கருவிகளுக்குக் கம்பெனி தடை போட்டது. ஒட்டியதைத் திரும்ப உருவ முடியாது.

கே: எங்கள் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டில் யார் யாரோ இஷ்யூ போடுகிறார்கள். ஏஐயே படித்து டாஸ்க்காக மாற்றிவிட்டால் வசதி. – பராமரிப்பாளர், யாழ்ப்பாணம்

ப: வசதிதான், திருடனுக்கும். பொது ரெப்போவில் போட்ட ஓர் இஷ்யூவுக்குள் கட்டளையை ஒளித்து வைத்து, அதைப் படித்த ஏஜென்ட் மூலமாகவே தனி ரெப்போவின் விவரத்தை வெளியே எடுக்கலாம் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 மே மாதம் செய்து காட்டியது. பொது இஷ்யூ படிக்கும் ஏஜென்ட்டுக்குத் தனி ரெப்போவின் சாவி வேண்டாம். அது எழுதும் டாஸ்க்கை நீங்கள் பார்த்துத் தலையசைத்த பிறகே போர்டுக்குப் போகட்டும்.

கே: டாஸ்க் நிலவரத்தையும் ஏஐ பார்த்துக்கொள்ளுமா? ஸ்டாண்டப்பை ஒழித்துவிடலாமே! – சோம்பேறி என்று அழைக்கப்படும் லீட், சேலம்

ப: பாதிக்கு ஏஐயே வேண்டாம். பிஆர் விளக்கத்தில் 'ஃபிக்ஸஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி இஷ்யூ எண்ணைப் போட்டால், அது மெயினில் சேர்ந்ததும் கிட்ஹப் தானே இஷ்யூவை மூடிவிடும். ஏஐயிடம் தினமும் காலையில் கேட்க வேண்டியது வேறு: 'இரண்டு நாளாக அசையாத டிக்கெட் எவை? எது எதற்காகக் காத்திருக்கிறது?'

ஆனால், 'எனக்கு இந்த மாட்யூலே புரியல' என்பதை எந்த டெவலப்பரும் டிக்கெட்டில் எழுதுவதில்லை. முகத்தில்தான் எழுதியிருக்கும். ஸ்டாண்டப்பைச் சுருக்குங்கள், ஒழிக்காதீர்கள்.

கே: 'தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது சார்' என்று மாதக்கணக்கில் சொல்கிறார் எங்கள் வெண்டர். – வாடிக்கையாளர், ஈரோடு

ப: முதல் தொண்ணூறு சதவீத வேலைக்குத் தொண்ணூறு சதவீத நேரம் ஆகும், மீதிப் பத்து சதவீதத்துக்கு இன்னொரு தொண்ணூறு ஆகும் என்று பெல் லேப்ஸ் டாம் கார்கில் சொல்லிப் பல காலம் ஆகிறது. சதவீதத்தையே தடை செய்யுங்கள். வேலையைப் பிரித்த பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முடிந்தது, முடியவில்லை என்று இரண்டே பதில்.

கே: மூடிய டிக்கெட் எண்ணிக்கையை வைத்து அப்ரைசல் போடுகிறார்கள். – டெவலப்பர், நாவலூர்

ப: அளவுகோலையே இலக்காக்கினால் அது அளக்கிற தகுதியை இழக்கும். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்னதிலிருந்து பிறந்த விதி. ஏஐ இருக்கும்போது ஒரு டிக்கெட்டை ஏழாக்கப் பத்து நொடி போதும். இதில் அடிபடப்போவது, கஷ்டமான ஒரே பக்கை ஒரு வாரம் உட்கார்ந்து தீர்த்தவர். அவரை இழந்தால் அந்தக் கம்பெனிக்குத் தகும்.

கே: என் கணவர் வீட்டு வேலைக்கும் ஏஐயிடம் டாஸ்க் பிரித்து வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் போர்டு வைத்திருக்கிறார். – இல்லத்தரசி, தாம்பரம்

ப: யார் பெயரில் எத்தனை டிக்கெட் என்று எண்ணுங்கள் அம்மா. உங்கள் பெயரில் அதிகம் என்றால் போர்டைக் கழற்றுங்கள். அவர் பெயரில் அதிகம் என்றால் ஃப்ரேம் போடுங்கள்.

கே: எந்த ஏஐ நல்லது பெரியப்பா? ஒரே பெயர் சொல்லுங்கள். – வாசகர், டொரன்டோ

ப: பெயர் மாதத்துக்கு மாதம் மாறும், தகுதியைச் சொல்கிறேன். உங்கள் கோடையும் டிக்கெட் போர்டையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தது. ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது இணைப்பு முறையை வெளியிட்டது. பிறகு ஓப்பன்ஏஐயும் கூகுளும் அதை ஏற்றுக்கொண்டன. அதனால் எதை வாங்கினாலும் பெரும்பாலும் போர்டோடு இணைக்க வழி இருக்கும்.

கே: தமிழில் சொன்னால் பிரித்துத் தருமா? – சிறுதொழில் நடத்துபவர், சிவகாசி

ப: தாராளமாக. 'பில் போடுற இடத்துல ஜிஎஸ்டி ரெண்டு தடவ ஏறுது' என்று உங்கள் கணக்குப்பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நாகரிகமாக்கி 'வரிக் கணக்கீட்டில் பிழை' என்று மாற்றினால் 'ரெண்டு தடவ' காணாமல் போய்விடும். பிழையைக் கண்டுபிடிக்க உதவுவதே அந்த 'ரெண்டு தடவ'தான்.

கே: பிஎம் வேலை போய்விடுமா? – புராஜெக்ட் கோஆர்டினேட்டர், போரூர்

ப: மீட்டிங்கில் பேசியதை டிக்கெட்டாகத் தட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், போகும். கிளையன்ட் முகத்தைப் பார்த்து 'இது இந்த ரிலீஸில் இல்லை' என்று சொல்லத் தெரிந்திருந்தால், போகாது. அந்த வரியை இன்றைக்கே சொல்லிப் பழகுங்கள்.

கே: நான் ஃப்ரெஷர். எல்லாவற்றையும் ஏஐயே உடைத்துக் கொடுத்தால் நான் எப்போது கற்றுக்கொள்வேன்? பயமாக இருக்கிறது. – புதிதாக வேலையில் சேர்ந்தவர், பெருங்குடி

ப: இந்தப் பயம் உனக்கு வந்திருப்பதே எனக்குச் சந்தோஷம் தம்பி. முதலில் நீயே ஒரு தாளில் உடை, தப்பும் தவறுமாகவே இருக்கட்டும். பிறகு ஏஐயை உடைக்கச் சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். அது சொல்லி நீ விட்டவை ஒரு பட்டியல், அவற்றைப் படித்துக்கொள். நீ சொல்லி அது விட்டவை இன்னொரு பட்டியல். உன் டீமையும் கிளையன்டையும் நேரில் தெரிந்ததால் வந்தவை அவை. அந்த இரண்டாவது பட்டியலைத் தூக்கிக்கொண்டு உன் லீட்டிடம் போ. உன் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கே: திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக என்ன செய்யட்டும்? – டீம் லீட், கிண்டி

ப: உங்கள் போர்டில் ரொம்ப நாளாக அசையாத ஒரே ஒரு டிக்கெட்டை எடுங்கள். அதை ஏஐயிடம் கொடுத்து, 'இது முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வது? உனக்குத் தெரியாததை என்னிடம் கேள்' என்று மட்டும் எழுதுங்கள். அது கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருந்தால் அன்றைக்கே பிரித்து, ஆள் பெயர் போடுங்கள். பதில் இல்லாவிட்டால் டிக்கெட்டை அழித்துவிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் அதேதான். அசையாத டிக்கெட் ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள், அடுத்த முறை இங்கேயே உடைத்துப் பார்ப்போம். கிளையன்ட் பெயரை அழித்துவிட்டு அனுப்புங்கள்.